லஃபாயெத் போன தடத்தில் எட்டு நாள்

முதல் நாள்: பிராண்டிவைன், பென்சில்வேனியா

லஃபாயெத் ஒரு பிரெஞ்சுப் பிரபு: இங்கிலாந்திடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய அமெரிக்கக் காலனிகளுக்காக வாஷிங்டனின் படையில் சேர்ந்தவர், பிறகு பிரெஞ்சுப் புரட்சியிலும் நின்றவர். பிலடெல்பியாவிலிருந்து தென்மேற்கே யு.எஸ். 1 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாட்ஸ் ஃபோர்ட். பேருந்தை நம்பி வர வேண்டாம், வாடகைக் கார்தான் தோது. பிராண்டிவைன் போர்க்களப் பூங்கா சாலையை ஒட்டியே இருக்கிறது, 52 ஏக்கர். வருகிறவர்களில் பலர் இங்குள்ள இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். 1777 செப்டம்பர் 11 அன்று கடும் சண்டை நடந்த இடம் இதுவல்ல. வடக்கே ஐந்து கிலோமீட்டர் போல தள்ளி, பர்மிங்ஹாம் குன்றுப் பக்கம் போக வேண்டும்.

முதலில் அந்த வீடுகள். வாஷிங்டன் தங்கிய பெஞ்சமின் ரிங் வீடு 1931-இல் எரிந்துபோனது, இப்போது நிற்பது மறுபடி கட்டியது. கிடியன் கில்பின் வீட்டுக்கு ‘லஃபாயெத்தின் முகாம்’ என்று பெயர். அது ஊர்வழக்கு, அவ்வளவுதான். கையில் ஒரு படைப்பிரிவுகூட இல்லாமல், சம்பளமும் வேண்டாம் என்று வந்து நின்ற மேஜர் ஜெனரலுக்குத் தனி முகாம் எதற்கு? அன்று அவருக்கு இருபது வயது நிறைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அந்த வயதில் அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது? அப்பா மிண்டன் போரில் 1759-இல் இறந்தார், அம்மாவும் தாத்தாவும் 1770-இல். பெரும் சொத்து ஒரு சிறுவன் கைக்கு வந்தது. பதினாறு வயதில் அரசவைச் செல்வாக்குள்ள நோவாய் குடும்பத்து அத்ரியேனோடு கல்யாணம். சொந்தப் பணத்தில் ‘விக்துவார்’ என்ற கப்பலை வாங்கி, 1777 ஜூன் 13 அன்று தென் கரோலினாவில் ஜார்ஜ்டவுன் அருகே கரையிறங்கினார். பதவியும் சம்பளமும் கேட்டு வந்த பிரெஞ்சு அதிகாரிகளால் அமெரிக்கக் காலனிகளின் பேரவையான காங்கிரஸ் அப்போது சலித்துப்போயிருந்தது. இவரோ சம்பளம் கேட்கவில்லை, வெர்சாயில் இருந்த பிரெஞ்சு அரசவையில் ஆள்பலமும் உண்டு. ஜூலை 31 அன்று பதவி கொடுத்தார்கள். கௌரவத்துக்குத் தந்த பதவி என்றுதான் தந்தவர்கள் நினைத்தார்கள்.

பிராண்டிவைன் ஓடை பெரிய ஆறு ஒன்றும் அல்ல, இறங்கிக் கடக்கும் துறைகள் நிறைய. வாஷிங்டன் சாட்ஸ் ஃபோர்ட் துறையை மறித்து நின்றார். எதிரே ஆங்கிலத் தரப்பில் நிஃபௌஸனின் படை துப்பாக்கிச் சத்தம் காட்டிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஆங்கிலத் தளபதிகள் ஹோவும் கார்ன்வாலிஸும் ஏறத்தாழ எட்டாயிரம் பேரோடு வடக்கே 27 கிலோமீட்டர் சுற்றி, காவல் இல்லாத மேல்துறைகளில் இறங்கிப் பக்கவாட்டில் வந்துவிட்டார்கள். முந்தின வருஷம் லாங் ஐலண்டிலும் இதே வித்தைதான். உள்ளூர்த் துறைகள் எத்தனை, எங்கே என்று வாஷிங்டனிடம் சரியான கணக்கு இல்லை. காரில் அந்தச் சுற்றை ஓட்டிப் பார்த்தால், மேடும் பள்ளமுமான இந்த நிலத்தில் ஒரு படை எவ்வளவு நேரம் கண்ணில் படாமல் நகர முடியும் என்பது தெரியும்.

பர்மிங்ஹாமில் 1763-இல் கட்டிய குவேக்கர் கூடம் இன்னும் நிற்கிறது. போரே கூடாது என்கிறவர்களின் தொழுகைக் கூடம் அன்று காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியானது. அங்கிருந்து தெற்கே சாலையோரத்தில், செஸ்டர் கவுன்டி மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் 1895-இல் நிறுத்திய தூண் ஒன்று. சிதறி ஓடிய வரிசைகளை நிறுத்தக் குதிரையை விட்டு இறங்கிய லஃபாயெத்தின் இடது கெண்டைக்காலில் இந்தப் பக்கத்தில்தான் குண்டு பாய்ந்தது. போர் தோல்வி. ஆனால் அலங்காரப் பதவி நிஜப் பதவியானது அந்தக் காயத்தால்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் தனிப் படைப்பிரிவு கைக்கு வந்தது.

இரண்டாம் நாள்: வேலி ஃபோர்ஜ், பேரன் ஹில்

1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை முகாமிட்ட இடம் வேலி ஃபோர்ஜ். பூங்கா 3,500 ஏக்கர். காரில் சுற்றலாம், சைக்கிளில் சுற்றினால் இன்னும் நல்லது. மரக்குடில்கள் எல்லாம் பிற்காலத்து மாதிரிகள்தான், ஆனால் அளவு சரியான அளவு. வாஷிங்டன் உத்தரவில் கணக்கு இருக்கிறது: நீளம் 16 அடி, அகலம் 14 அடி, சுவர் உயரம் ஆறரை அடி, கணப்பு அடுப்பின் உட்புறம் 18 அங்குலக் களிமண் பூச்சு, ஒரு குடிலுக்கு 12 சிப்பாய். உள்ளே போய் நின்று பாருங்கள். கதவு, அடுப்பு போக மிச்சமுள்ள இடத்தில் பன்னிரண்டு பேர் படுப்பது எப்படி என்று கணக்குப் போட்டால், இரண்டாயிரம் பேரைக் கொன்றது பனி அல்ல என்பது புரியும். டைபஸ், டைபாய்டு, சீதபேதி. இறப்பு உச்சத்துக்குப் போனது நடுக்குளிரில் அல்ல, மார்ச்சுக்குப் பிறகு.

இதற்குப் பக்கத்திலேயே, கூட்டமே இல்லாத இடம் ஒன்று: பேரன் ஹில். இப்போது அந்த ஊர்ப் பெயரே லஃபாயெத் ஹில். உள்ளூரில் கேட்கும்போது ‘லாஃபியெட்’ என்று கேளுங்கள், பிரெஞ்சு உச்சரிப்பு எடுபடாது. 1778 மே 20 அன்று 2,200 பேரோடு இங்கே இருந்தவரை மூன்று பக்கமும் ஆங்கிலப் படை வளைத்தது. பிடித்து வந்து விருந்தில் காட்டலாம் என்றுகூட அவர்கள் எண்ணியிருந்தார்களாம். ஆற்றுப் பக்கம் தாழ்வாகப் போகும் ஒரு பாதை எதிரி கண்ணில் படாமல் இருந்தது. லஃபாயெத் சிறு சிறு கும்பல்களை மரங்களுக்கு நடுவே தலைகாட்ட வைத்து, தாக்க வருவதுபோல் பாவனை செய்தார். எதிரி நின்று அணிவகுத்தான். அந்த இடைவெளியில் மொத்தப் படையும் மேட்ஸன்ஸ் ஃபோர்ட் துறையில் ஸ்கூல்கில் ஆற்றைக் கடந்துவிட்டது. துணைக்கு வந்திருந்த ஒனைடா பழங்குடி வீரர்களை மறக்கக் கூடாது, உளவும் பின்காவலும் அவர்கள் பார்த்தது.

இவர் பெரிய போர்த்தந்திரி என்று சொல்ல முடியாது. நழுவுவதில் கெட்டிக்காரர். பின்வாங்க இடம் இருக்கிறவரை இவர் பிழைப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாரிஸில் பார்க்கப்போவது விளங்கும்.

மூன்றாம் நாள்: யார்க்டவுன், வர்ஜீனியா

விடிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்து சேரலாம். ரயில் என்றால் வில்லியம்ஸ்பர்க் வரை ஆம்ட்ராக். ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் மூன்றையும் இணைக்கும் காலனியல் பார்க்வே 23 மைல், வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. முன்னாடியே நிரப்பிக்கொள்ளுங்கள்.

1781 கோடையில் வர்ஜீனியாவில் கார்ன்வாலிஸைப் பின்தொடர்ந்தது லஃபாயெத்தின் சின்னப் படை. “தோற்பதற்குக்கூட எனக்குப் பலம் போதாது” என்று வாஷிங்டனுக்கு எழுதினார். நெருங்குவது, சண்டை வந்தால் விலகுவது, மறுபடி நெருங்குவது. கார்ன்வாலிஸ் கடற்படை உதவிக்காக யார்க்டவுனில் போய் உட்கார்ந்ததும், வெளியே வரும் தரைவழியை லஃபாயெத் அடைத்தார். கடல்வழியை செப்டம்பர் 5 அன்று தெ கிராஸின் பிரெஞ்சுக் கப்பல்கள் அடைத்தன. மிச்சம் மண்வெட்டி வேலை.

களத்தைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். ஊரை ஒட்டிய பெரிய மண்கரைகள் பெரும்பாலும் உள்நாட்டுப் போரின்போது, 1862 வாக்கில், தெற்குப் படை பழைய கரைகள்மேல் எழுப்பியவை. 1781-இன் முற்றுகைக் குழிகளை வாஷிங்டனே தூர்க்கச் சொல்லிவிட்டார். இப்போது தெரிவன 20-ஆம் நூற்றாண்டில் அகழ்ந்து பார்த்து மறுபடி அமைத்தவை. 9, 10 என்று எண்ணிட்ட இரண்டு கொத்தளங்களில் பத்தாம் எண்ணின் பெரும்பகுதி யார்க் ஆற்றில் சரிந்து போய்விட்டது. கரை விளிம்பில் கயிற்றுக்கு அந்தப்பக்கம் கால் வைக்காதீர்கள்.

இந்த இரண்டும் ஏன் முக்கியம்? அக்டோபர் 6 இரவு முதல் குழி வெட்டினார்கள், 9-இல் பீரங்கி பேசத் தொடங்கியது, 11-இல் இரண்டாம் குழி. அந்தக் குழியை ஆறு வரை நீட்ட விடாமல் குறுக்கே நின்றவை இந்தக் கொத்தளங்கள். 14 இரவு, ஒன்பதை 400 பிரெஞ்சுக்காரர்கள், பத்தை லஃபாயெத் பிரிவின் 400 அமெரிக்கர்கள். தலைமை தாங்க முதலில் லஃபாயெத் குறித்தது தன் ஆளான ழிமாவை. அன்றைய முறை என்னுடையது என்று அலெக்ஸாண்டர் ஹாமில்டன் வாஷிங்டனிடம் முறையிட்டு வாங்கிக்கொண்டார். துப்பாக்கியில் மருந்து போடாமல் போனார்கள். இருட்டில் ஒருவன் அவசரப்பட்டுச் சுட்டால் எல்லாம் கெட்டுவிடும், எனவே துப்பாக்கிமுனை ஈட்டி மட்டும். கொத்தளத்தைச் சுற்றிக் கூராகச் சீவிய கிளைகளை வெளிநோக்கிப் பதித்த வேலி. பிரெஞ்சுப் பக்கம் கோடரிக்காரர்கள் வேலியை வெட்டி வழிவிடும்வரை முறைப்படி காத்திருந்தது, நிறையப் பேர் விழுந்தார்கள். அமெரிக்கர்கள் வெட்டினது பாதி, நுழைந்தது பாதி என்று உள்ளே குதித்தார்கள். பத்தே நிமிடம்.

அங்கிருந்து மூர் இல்லம். சரண் நிபந்தனைகளை 18 அன்று பேசி எழுதிய வீடு. பிரெஞ்சுத் தரப்பில் உட்கார்ந்தவர் நோவாய் விகோம்த் (விகோம்த் என்பது பிரபுப் பட்டம்), லஃபாயெத்துக்குச் சகலை. அவர் மனைவி லூயிஸும் அத்ரியேனும் அக்காள் தங்கை. எட்டாம் நாளில் லூயிஸின் பெயர் மறுபடி வரும்.

19 அன்று ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆயுதம் வைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை. நம் வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்ல: பிறகு கவர்னர் ஜெனரலாகி, 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் இவரேதான். யார்க்டவுனோடு போர் முடிந்தது என்பதும் அமெரிக்காவுக்குத்தான் பொருந்தும். சமாதானச் செய்தி வந்து சேராமல் 1783 ஜூனிலும் கடலூரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அடித்துக்கொண்டிருந்தன.

யார்க்டவுனில் இன்னொரு பெயரையும் தேடிப் படியுங்கள்: ஜேம்ஸ். வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமை, லஃபாயெத்தின் உளவாளி, கார்ன்வாலிஸ் முகாமுக்குள்ளேயே வேலைக்காரனாக இருந்து தகவல் கொடுத்தவர். சிப்பாயாகப் போரிட்ட அடிமைகளுக்கு விடுதலை தந்த வர்ஜீனியாச் சட்டம் உளவாளியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1784-இல் லஃபாயெத் கைப்பட எழுதிக்கொடுத்த நற்சான்றை வைத்து மனுப் போட்டு, 1787-இல்தான் விடுதலை. அதன்பின் தன் பெயரோடு லஃபாயெத் என்று சேர்த்துக்கொண்டார்.

நான்காம் நாள்: மவுன்ட் வெர்னன்

இன்று பார்க்க வேண்டியது ஒரே பொருள். வாஷிங்டனின் மாளிகை இது. உள்ளே போகும் சீட்டில் நேரம் குறித்திருக்கும், முன்பதிவு செய்யாவிட்டால் சாயங்காலம்தான் இடம் கிடைக்கும். நடுக்கூடத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க விடமாட்டார்கள். எனவே நுழைந்த உடனே சுவரைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புச் சாவி, எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 1789-இல் பாரிஸ் மக்கள் பிடித்த பாஸ்டில் சிறையின் சாவி. 1790 மார்ச்சில் தாமஸ் பெய்ன் கையில் லஃபாயெத் கொடுத்தனுப்பியது. வளர்ப்புத் தந்தைக்கு மகனாகவும், தளபதிக்குத் துணை அதிகாரியாகவும், விடுதலையின் முதுவருக்கு அதன் தூதனாகவும் நான் செலுத்த வேண்டிய காணிக்கை என்று கூடவே கடிதம்.

அடிமைகள் உழைத்த தோட்டத்து மாளிகையில் அந்தச் சாவி தொங்குகிறது. லஃபாயெத்துக்கும் இது உறுத்தியிருக்கிறது. அடிமைகளைப் படிப்படியாக விடுவித்துக் காட்டலாம் என்று வாஷிங்டனுக்கு யோசனை சொன்னவர், பிரெஞ்சு கயானாவில் தோட்டமும் அதிலிருந்த அடிமைகளையும் வாங்கி அந்தச் சோதனையைத் தானே தொடங்கினார். வாங்கித்தான் விடுவிக்க வேண்டும் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. 1792-இல் அவர் சொத்துகள் பறிமுதலானபோது அந்த மனிதர்களும் சொத்தாகக் கணக்கில் போனார்கள்.

இன்றிரவு விமானம்.

ஐந்தாம் நாள்: பாரிஸ், பாஸ்டில்

சாவியைப் பார்த்தாயிற்று, பூட்டைப் பார்க்க வந்தால் ஒன்றும் இல்லை. சதுக்கத்தின் நடுவே நிற்கும் உயரமான தூணைப் பார்த்து 1789-க்கு எழுப்பியது என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் ஏராளம். அது 1830 ஜூலைப் புரட்சியின் தூண், அதில் இறந்த 504 பேரின் பெயர் அதில் இருக்கிறது. அந்தப் புரட்சியிலும் நம் ஆள் உண்டு, நாளை மறுநாள் வருகிறார்.

கோட்டையின் மிச்சம் வேண்டுமென்றால் மெட்ரோ 5-ஆம் வழித்தட மேடையில் இறங்கிப் பாருங்கள், சுவரின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. இன்னும் பெரிய துண்டு, ஒரு கோபுரத்தின் அடித்தளம், சுல்லி-மோர்லான் நிலையத்தருகே ஆங்ரி-கல்லி பூங்காவில். கார்னவாலே அருங்காட்சியகத்தில் பாஸ்டில் கல்லிலேயே செதுக்கிய கோட்டை மாதிரி உண்டு. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை.

தேதிகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 1789 ஜூலை 11: மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை லஃபாயெத் பேரவையில் வைக்கிறார். பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சனிடம் காட்டித் திருத்திய வரைவு. 14: பாஸ்டில் விழுகிறது, உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். 15: தேசியக் காவல்படை என்ற புது நகரப் படைக்குத் தளபதி லஃபாயெத். பாரிஸ் நகரத்தின் சிவப்பு, நீலத்தோடு அரசரின் வெள்ளையைச் சேர்த்து மூவண்ணச் சின்னம் பிறப்பது இதற்குப் பிறகுதான். இன்றைய பிரெஞ்சுக் கொடியின் நடுவில் அரசர் நிற்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தேசியக் காவல்படை என்பது என்ன மாதிரிப் படை? நகரத்தின் 60 வட்டங்களில் வட்டத்துக்கு ஒரு பட்டாலியன். அதிகாரிகளை வட்டத்து ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். சம்பளப் பிரிவில் பெரும்பாலும் அரசரை விட்டு ஓடிவந்த பழைய காவல் சிப்பாய்கள். அமெரிக்காவில் இவருக்கு உத்தரவு மேலிருந்து வந்தது, எதிரி எதிரே நின்றான். இங்கே தளபதியை நிறுத்தியதே கீழே நிற்கிறவர்கள். அவர்கள் ஒரு திசையில் நடக்கத் தொடங்கினால் தளபதி முன்னால் போய் நின்றுகொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆறாம் நாள்: வெர்சாய்

ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் சி வழித்தடத்தில் வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் நிலையம். பெயரில் வெர்சாய் என்று வேறு நிலையங்களும் உண்டு, பலகையைப் பார்த்து ஏறுங்கள். திங்கள் மூடியிருக்கும், செவ்வாய் அதனாலேயே நெரிசல்.

1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டுப் பெண்கள் மழையில் 20 கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். காவல்படையும் போக வேண்டும் என்றது. லஃபாயெத் மணிக்கணக்கில் தடுத்துப் பார்த்தார், கடைசியில் தலைமை தாங்கிக் கூட்டிவந்தார். வந்து சேர நள்ளிரவு. வெளிவாயில் காவலை ஏற்றுக்கொண்டு, மாமனார் வீட்டு நோவாய் மாளிகையில் போய்ச் சாய்ந்தார். விடியுமுன் காவல் இல்லாத ஒரு வாசல் வழியே கூட்டம் அரண்மனைக்குள் ஏறிவிட்டது. மெய்க்காவலர் இருவர் கொல்லப்பட்டார்கள். ‘ஜெனரல் மார்ஃபியஸ்’, தூக்கத் தெய்வத்தின் பெயர், அரச விசுவாசிகள் வைத்த பட்டம். கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

உள்ளே இரண்டு இடங்களில் நில்லுங்கள். ராணியின் படுக்கையறையில் கட்டிலுக்கு இடப்புறம், சுவர்த்துணியோடு ஒட்டி ஒரு சிறு கதவு. தெரியாமல் பார்த்தால் கதவென்றே தோன்றாது. மரீ அந்துவானெத் அரசரின் பகுதிக்குத் தப்பி ஓடிய வழி அது. அடுத்தது அரசரின் படுக்கையறை, அதன் பால்கனி பளிங்கு முற்றத்தைப் பார்த்திருக்கிறது. கீழே கொலைவெறியில் கூட்டம் நிற்க, லஃபாயெத் ராணியை பால்கனிக்கு அழைத்து வந்து, பேசினால் கேட்காது என்று, குனிந்து கையில் முத்தமிட்டார். கூட்டம் வாழ்த்தியது. முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் தூரம் எவ்வளவு குறைவு என்று தெரியும், கல்லெறிந்தால் படும். தைரியம்தான். ஆனாலும் அன்று மதியமே அரச குடும்பம் பாரிஸுக்குப் புறப்பட்டது, திரும்பி வரவே இல்லை.

ஏழாம் நாள்: ஷான் தெ மார்ஸ், நகர மண்டபம்

ஈஃபில் கோபுரத்துக்கு வருகிறவர்கள் புல்லில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும் திடல். மெட்ரோவில் எக்கோல் மிலித்தேர் பக்கம் இறங்கிக் கோபுரத்தை நோக்கி நடந்தால், பாதித் தூரத்தில் ஒரு காலத்தில் பலிபீடம் நின்றது. 1790 ஜூலை 14 விழாவுக்காக ஊரே தள்ளுவண்டியோடு வந்து மண் சுமந்து மேடு கட்டியது. கொட்டும் மழையில் லஃபாயெத் பீடத்தில் ஏறி, தேசத்துக்கும் சட்டத்துக்கும் அரசருக்கும் விசுவாசம் என்று உறுதிமொழி எடுத்தார். அவர் வாழ்க்கையின் உச்சம் அந்த நாள்.

அடுத்த ஆண்டு ஜூனில் அரசர் வாரேன் வரை தப்பி ஓடிப் பிடிபட்டார். காவலுக்குப் பொறுப்பு லஃபாயெத். ஓட விட்டவர் என்று இடதுசாரிகள், சிறைவைத்தவர் என்று அரசர் பக்கம், இரண்டு பழியும் ஒரே ஆள்மேல். ஜூலை 17 அன்று அதே பீடத்தில் அரசரை நீக்கக் கோரும் மனுவில் மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். காலையில் பீடத்துக்கு அடியில் ஒளிந்திருந்த இருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. மேயர் பாயி இராணுவச் சட்டம் அறிவித்து சிவப்புக் கொடி ஏற்றினார். சாயங்காலம் கல் பறந்தது, காவல்படை சுட்டது. செத்தவர்கள் ஒரு டஜன் என்பாரும் உண்டு, ஐம்பது என்பாரும் உண்டு. சிவப்புக் கொடி அப்போது கலைந்து போங்கள் என்ற அரசு எச்சரிக்கை. அதே கொடி பிறகு எதிர்ப்பக்கத்துக் கைக்குப் போனது.

பேரன் ஹில்லில் ஆற்றுப்பக்கம் ஒரு பாதை இருந்தது. இங்கே எந்தப் பக்கமும் இல்லை. 1792 ஆகஸ்ட் 10 அன்று முடியாட்சி விழுந்தது. எல்லையில் படைத்தலைவராக இருந்த லஃபாயெத் 19 அன்று எல்லையைத் தாண்டினார், பெல்ஜியத்து ரோஷ்ஃபோர் என்ற ஊரில் ஆஸ்திரியர்கள் பிடித்தார்கள். (1780-இல் ‘ஹெர்மியோன்’ கப்பல் அவரை அமெரிக்கா கொண்டுபோகக் கிளம்பியது பிரான்சின் மேற்குக்கரை ரோஷ்ஃபோரிலிருந்து. ரயில் சீட்டு எடுக்கும்போது ஊர் மாறிவிடப் போகிறது.) ஐந்தாண்டு சிறை, கடைசியாக ஓல்மூட்ஸ், இன்றைய செக் நாட்டு ஓலோமோட்ஸ். 1795-இல் அத்ரியேன் இரண்டு மகள்களோடு தானே கேட்டுப் போய் அதே சிறையில் அடைபட்டார். புரட்சியாளர்கள் துரோகி என்றார்கள், மன்னர்கள் புரட்சிக்காரன் என்று பூட்டிவைத்தார்கள்.

சாயங்காலம் நகர மண்டபம். 1830 ஜூலைப் புரட்சியின்போது, ஜூலை 31 அன்று, 72 வயதில், மறுபடி தேசியக் காவல்படைத் தளபதியாக, பால்கனியில் மூவண்ணக் கொடியோடு, அரசனாகப் போகும் லூயி-ஃபிலிப்பைத் தழுவிக் காட்டினார். குடியரசு கேட்டு நின்ற கூட்டம் ஓர் அரசனோடு வீடு திரும்பியது. டிசம்பரில் தளபதிப் பதவி போனது, அந்த அரசனைப் பற்றிய நம்பிக்கையும் போனது. நீங்கள் பார்க்கும் பால்கனி அது அல்ல: பழைய கட்டடம் 1871-இல் எரிந்துவிட்டது.

எட்டாம் நாள்: பிக்பூ

நாசியோன் மெட்ரோவில் இறங்கி 35, ரூ தெ பிக்பூவுக்கு நடை. பிற்பகலில் மட்டும் திறப்பார்கள், ஞாயிறு கிடையாது. சிறு கட்டணம், சில்லறையாக வைத்திருங்கள். வாசலைப் பார்த்தால் கல்லறை இருப்பதாகவே தெரியாது, பெரிய கதவு, உள்ளே முற்றம், அதன் பின்னால் நீண்ட தோட்டம்.

இறங்கிய நாசியோன் சதுக்கத்தில்தான் 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை கில்லட்டின், புரட்சி அரசின் தலைவெட்டும் பொறி, நின்றது. ஆறு வாரத்தில் 1,306 பேர். உடல்களை வண்டியில் ஏற்றி இந்தத் தோட்டத்துச் சுவரை இடித்து உள்ளே கொண்டுவந்து இரண்டு பெரிய குழிகளில் போட்டார்கள். தேவாலயச் சுவரில் பெயர், வயது, தொழில் பொறித்திருக்கிறது. படித்துக்கொண்டே போனால் பிரபுக்கள் சிறுபான்மை என்பது புரியும்: வேலைக்காரர், சிப்பாய், கைவினைஞர். கொம்பியேன் ஊரின் 16 கார்மெல் கன்னியரும் கவிஞர் ஆந்திரே ஷெனியேவும் இந்தக் குழிகளில்தான்.

ஜூலை 22 வரிசையில் நோவாய் பெண்கள் மூவர்: அத்ரியேனின் பாட்டி, அம்மா, அக்கா லூயிஸ். மூர் இல்லத்தில் சரண் எழுதியவரின் மனைவி. அந்த நோவாய் விகோம்த் 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் நிலவுரிமைகளை ஒழிக்க முன்மொழிந்தவரும்கூட.

அத்ரியேன் சிறையிலிருந்து வந்ததும் அம்மாவைப் புதைத்த இடத்தைத் தேடினார். அப்பாவையும் தம்பியையும் பறிகொடுத்த ஒரு பெண் அன்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். குடும்பங்கள் பணம் போட்டு நிலத்தை வாங்கின. குழிகளில் விழுந்தவர்களின் வாரிசுகளுக்குத்தான் அதை ஒட்டிய கல்லறையில் இடம், லஃபாயெத்துக்கு இங்கே இடம் கிடைத்தது அத்ரியேன் வழியில். 1807 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்ரியேன் இறந்தார், 1834 மே 20 அன்று அவர்.

தோட்டத்தின் கோடிக்கு நடங்கள். கடைசி மூலையில், குழிகளைப் பிரிக்கும் சுவரை ஒட்டி, அமெரிக்கக் கொடி நிற்கும் கல்லறை. 1825 ஜூன் 17 அன்று, அமெரிக்க விடுதலைப் போர்க்களமான பங்கர் ஹில்லில், நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் வைத்தபோது அங்கிருந்து மண் எடுத்து வந்திருந்தார். மகன் ஜார்ஜ் வாஷிங்டன் லஃபாயெத் அதைக் குழியில் தூவினார். பக்கத்துச் சுவரில் இரும்புக் கம்பிக் கதவு, அதற்குள் சரளை பரப்பிய இரண்டு நீள்சதுரங்கள். உள்ளே போக அனுமதி இல்லை, கம்பி வழியே பார்க்கலாம். கொடியை ஜூலை 4-இல் விழாவோடு மாற்றுவார்கள், அன்று வந்தால் கூட்டம் இருக்கும், மற்ற நாளில் யாரும் இருக்க மாட்டார்கள்.